ருபீடியமா, ஜிபிஎஸ்ஸா? வீட்டு மேசைக்கு ஒரு நம்பகமான 10 மெகாஹெர்ட்ஸ்

கேள்வி சுருக்கமாக இதுதான்: வீட்டில் ஹாம் ரேடியோவும் அதிர்வெண்ணை அளக்கும் ஒரு பழைய ஃப்ரீக்வென்சி கவுண்டரும் இருக்கின்றன. கவுண்டர் ஒப்பிட்டு அளக்க, நம்பி இணைக்கக்கூடிய ஒரு 10 மெகாஹெர்ட்ஸ் அளவுகோல் சிக்னல் வேண்டும். ஹாம்கள் பேசிக்கொள்ளும் கியூஓ-100 செயற்கைக்கோளைக் கேட்கவும் ஆசை. மொபைல் டவர்களிலிருந்து கழற்றிய ருபீடியம் ஆஸிலேட்டர்கள் (சீரான அதிர்வை உண்டாக்கும் பெட்டிகள்) 'அணுக் கடிகாரம்' என்ற பெயரில் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. அதை வாங்குவதா, இல்லை ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் குவார்ட்ஸ் ஆஸிலேட்டர், அதாவது ஜிபிஎஸ்டிஓ, போதுமா?

ஜிபிஎஸ்டிஓ வாங்குங்கள். ருபீடியம் மீது ஆசை போகவில்லை என்றால் அது இரண்டாவதாக வரட்டும், முதலாவதாக வேண்டாம். விலை இதில் பெரிய காரணம் இல்லை. ஜிபிஎஸ்டிஓ வாங்கும்போது ஆஸிலேட்டரோடு அதைச் சரிபார்க்கும் வழியும் சேர்ந்தே வருகிறது. ருபீடியத்தில் ஆஸிலேட்டர் மட்டும்தான் வரும். அது சரியா என்று பார்க்க நீங்கள் இன்னொன்றைத் தேட வேண்டும்.

முதலில் எவ்வளவு துல்லியம் தேவை என்று கணக்குப் போட்டுவிடலாம். கவுண்டருக்குள் இருக்கும் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், 145 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை அளக்கும்போது 145 ஹெர்ட்ஸ் தப்பாகக் காட்டும். கடிகாரமாகப் பார்த்தால் ஒரு நாளைக்கு 86 மில்லி விநாடி. எச்எஃப், விஎச்எஃப் அலைவரிசைகளில் பேசுவதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. எஃப்டி8 என்ற கணினிவழிச் செய்தி முறைக்குக்கூட கணினியின் நேரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருந்தால் போதும், அதை இணையமே கொடுத்துவிடும்.

கியூஓ-100 வேறு கதை. கத்தார் நாட்டின் எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில், 25.9 டிகிரி கிழக்கில் நிற்கும் அந்த டிரான்ஸ்பாண்டரின் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியின்) குறுகிய பட்டை 10,489.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. டிஷ் முனையில் இருக்கும் எல்என்பி, அதாவது சிக்னலைக் குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றும் கருவி, தன் 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 390 மடங்காக்கி 9,750 மெகாஹெர்ட்ஸ் உண்டாக்கி, வருவதிலிருந்து கழித்து, 739.5 மெகாஹெர்ட்ஸ் அருகே உங்கள் ரிசீவருக்கு அனுப்புகிறது. படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் இந்தப் பக்கம் 9,750 ஹெர்ட்ஸ் நகரும். எஸ்எஸ்பி முறையில் ஒரு பேச்சின் அகலமே 2,700 ஹெர்ட்ஸ்தான். நம்மூர் மொட்டை மாடியில் வெயில் ஏறி, நடுவே ஒரு மேகம் மூடினால் போதும், கேட்டுக்கொண்டிருந்த நிலையம் காணாமல் போகும். படிகத்தைக் கழற்றிவிட்டு 25 மெகாஹெர்ட்ஸை வெளியிலிருந்து கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும். அப்படிக் கொடுப்பது 100 கோடியில் ஒரு பங்குக்குள் சரியாக இருந்தாலே பிழை 10 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். மலிவான ஜிபிஎஸ்டிஓவுக்கும் அது சிரமமில்லை. சொல்லப்போனால், கேட்பது மட்டுமே நோக்கம் என்றால் அதுவும் வேண்டாம். டிரான்ஸ்பாண்டரின் நடுவே ஒரு வழிகாட்டி சிக்னல் எப்போதும் ஒலிக்கிறது. எஸ்டிஆர் கன்சோல் போன்ற மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு எல்என்பியின் நகர்வைத் தானே கழித்துவிடும்.

ஆக, தேவை என்று பார்த்தால் 100 கோடியில் ஒன்று. அதற்கு மேலே போவது ஆசை. ஆசைக்கு வாங்குவதில் தப்பில்லை, இந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

ருபீடியம் பெட்டிக்குள் நடப்பது இது. ஒரு சிறிய கண்ணாடிக் குமிழில் ருபீடியம்-87 ஆவியை ரேடியோ அலையால் ஒளிர வைக்கிறார்கள். அந்த ஒளி ருபீடியம்-85 நிரம்பிய வடிகட்டியைத் தாண்டி, இன்னொரு ருபீடியம்-87 குமிழுக்குள் புகுந்து, மறுபக்கம் ஒரு போட்டோடையோடில் விழுகிறது. குமிழுக்குள் சுமார் 6,834.68 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோ அலையைச் செலுத்துகிறார்கள். அலையின் அதிர்வெண் அணுவின் அதிர்வெண்ணோடு சரியாகப் பொருந்தும் இடத்தில் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு போல மங்கும். அந்த மங்கலைத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் படிக ஆஸிலேட்டரை அங்கேயே நிறுத்தி வைப்பதுதான் மின்சுற்றின் வேலை. ஆம், ருபீடியத்துக்குள்ளும் ஒரு படிகம் உண்டு. உங்கள் கேபிளுக்கு வரும் 10 மெகாஹெர்ட்ஸ் அதிலிருந்துதான் வருகிறது.

சிக்கல் அந்த இரண்டாவது குமிழில் இருக்கிறது. அணுக்கள் சுவரில் மோதித் தம் நிலையை இழக்காமல் இருக்க அதற்குள் நைட்ரஜன் போன்ற ஒரு வாயுவையும் அடைக்கிறார்கள். அந்த வாயுவோ அணுவின் அதிர்வெண்ணையே கொஞ்சம் தள்ளிவிடுகிறது. எவ்வளவு தள்ளுகிறது என்பது அழுத்தத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது, குமிழுக்குக் குமிழ் மாறும். அதனால் தொழிற்சாலையில் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு சீசியம் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, திருத்தி, பிறகுதான் அனுப்புகிறார்கள். அப்புறமும் குமிழும் விளக்கும் வயதாக வயதாக மாதத்துக்கு 10,000 கோடியில் சில பங்கு நகர்ந்துகொண்டே இருக்கும். விநாடிக்கு இலக்கணமாக இருப்பது சீசியம். 1967 முதல் 9,19,26,31,770 அதிர்வுகள் ஒரு விநாடி. ருபீடியம் அந்த இலக்கணத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டிய இரண்டாம் நிலைக் கருவி. பல வருடம் டவரில் எரிந்துவிட்டு, பிடுங்கப்பட்டு, கப்பலேறி வந்த ஒரு எல்பிஆர்ஓ-101 ருபீடியம் பெட்டி இப்போது எங்கே நிற்கிறது என்பதை அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. 'லாக்' விளக்கு எரிகிறதே என்றால், அது மங்கலைப் பிடித்துவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது.

விண்வெளியில் பறக்கும் ருபீடியத்துக்கும் இதே கதிதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களைத் தரையிலிருந்து அளந்து, திருத்தங்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நம் நாட்டு வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கில் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோளின் மூன்று ருபீடியம் கடிகாரங்களும் செயலிழந்து அது வழிகாட்டும் வேலைக்கு உதவாமல் போனது ஞாபகம் இருக்கலாம். இறக்குமதி செய்த கடிகாரங்கள் அவை. 2023 மே 29-ல் ஏவிய என்விஎஸ்-01-ல்தான் இஸ்ரோ தன் சொந்த ருபீடியம் கடிகாரத்தை முதன்முறையாக வைத்தது.

இனி ஜிபிஎஸ்டிஓ. ஜிபிஎஸ் ரிசீவர் விநாடிக்கு ஒரு துடிப்பு தரும். அது உண்மையான விநாடியிலிருந்து 20 நானோ விநாடி முன்பின்னாக ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடி இடைவெளியில் பார்த்தால் இது 10 கோடியில் 2 பங்கு பிழை, சுத்த மட்டம். ஆனால் இந்த ஆட்டம் சேர்ந்துகொண்டே போவதில்லை. 1,000 விநாடி கழித்தும் அதே 20 நானோ விநாடிதான், ஆகவே பிழை 10,000 கோடியில் 2 பங்காகிவிடும். ஒரு நாள் முழுக்கப் பார்த்தால் லட்சம் கோடியில் கால் பங்குகூட இல்லை. சூடான அடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் நல்ல படிகம், அதாவது ஓசிஎக்ஸ்ஓ, இதற்கு நேர் எதிர். எச்பி 10811ஏ போன்ற ஒன்று ஒரு விநாடிக்கு லட்சம் கோடியில் சில பங்குக்குள் அசையாமல் நிற்கும். நாள் கணக்கில் மெதுவாக வழுகிக்கொண்டே போகும். அதனால் குறுகிய காலத்துக்குப் படிகத்தை நம்பு, நீண்ட காலத்துக்கு ஜிபிஎஸ்ஸை நம்பு என்று இரண்டையும் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றில் கோர்த்துவிடுகிறார்கள். இரண்டின் பிழையும் சமமாகும் இடம் நல்ல ஓசிஎக்ஸ்ஓவில் பல நூறு விநாடி முதல் சில ஆயிரம் விநாடி வரை எங்காவது வரும். சுற்றின் வேகத்தை அதற்கு ஏற்ப வைக்க வேண்டும். வேகமாக வைத்தால் ஜிபிஎஸ்ஸின் ஆட்டம் உங்கள் 10 மெகாஹெர்ட்ஸில் இறங்கும். மிகவும் மெதுவாக வைத்தால் மின்விசிறி போட்டு அறை குளிர்ந்ததைக்கூடப் படிகம் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் ஒரே வரைபடத்தில் பார்க்க 1966-ல் டேவிட் ஆலன் கொடுத்த வழிதான் ஆலன் விலகல். விற்பனைப் பக்கத்தில் அந்த வரைபடம் இல்லாமல் 'துல்லியம் லட்சம் கோடியில் ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை விநாடிக்கு என்று கேளுங்கள். அந்த எண் இல்லாமல் மற்ற எண்ணுக்குப் பொருள் இல்லை.

ஒரு குறுக்குவழி உங்கள் கண்ணில் படும்: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நியோ-7எம் மாட்யூலின் துடிப்பு பின்னை நேரடியாக 10 மெகாஹெர்ட்ஸுக்கு அமைத்துவிடலாம், தனியாக ஓசிஎக்ஸ்ஓ எதற்கு என்று. சராசரி சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சில்லின் உள் கடிகாரம் 48 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து 10-ஐ எடுக்க 4.8-ஆல் வகுக்க வேண்டும். எண்ணுகிற சுற்று முழு எண்ணால்தான் வகுக்கும், ஆகவே ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, நான்கு என்று மாற்றி மாற்றி வகுத்துச் சராசரியைச் சரிக்கட்டுகிறது. ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் விளிம்பு இரண்டு இடத்தில் தெரியும், 20 நானோ விநாடி இடைவெளியில். 8 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்துப் பாருங்கள். ஆறால் தீர வகுபடுவதால் படம் எவ்வளவோ சுத்தமாகிவிடும். மெதுவான எல்இடி கடிகாரத்துக்கோ, ராஸ்பெர்ரி பையில் விநாடித் துடிப்பைக் கொடுத்து க்ரோனி என்ற நேர மென்பொருளை ஓட்டவோ இந்த மாட்யூல் அருமை. கணினி நேரம் சில மைக்ரோ விநாடிக்குள் வந்துவிடும். 25 மெகாஹெர்ட்ஸை 390 மடங்காக்கும் எல்என்பிக்கு மட்டும் இந்த மாதிரி அலையைக் கொடுத்துவிடாதீர்கள். பெருக்கப்பெருக்க ஆட்டமும் பெருகும்.

ஆண்டெனாவுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். பெட்டிக்குப் பல ஆயிரம் கொடுத்துவிட்டு, ஆண்டெனாவை ஜன்னல் கம்பியில் ஒட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலில் வானம் பாதிதான் தெரியும், மீதி எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, நாலு பக்கமும் வானம் தெரியும்படி வையுங்கள். கேபிளுக்கு டிவிக்குப் போடும் நல்ல ஆர்ஜி-6 போதும். 75 ஓம் என்று பயப்பட வேண்டாம். மீட்டருக்கு ஏறத்தாழ 4 நானோ விநாடி தாமதம் வரும், அதிர்வெண் மட்டும் வேண்டுமென்றால் அது எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. நேரத்தை அளப்பதற்கான ரிசீவராக இருந்தால் முதலில் தன் இடத்தைப் பல மணி நேரம் சராசரி எடுத்துக் குறித்துக்கொண்டு, பிறகு இடத்தை மாற்றாமல் நேரத்தை மட்டும் கணக்கிடும். அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இடத்தில் 30 செண்டிமீட்டர் பிசகினால் நேரத்தில் ஒரு நானோ விநாடி. மின்னல் காப்பு போடாமல் மாடிக்குக் கேபிள் இழுக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் வருந்த நேரும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு, வெளிநாட்டுக் குறிப்புகளில் இதை அவ்வளவாகப் பார்க்க முடியாது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதற்கு அதுவே காரணம். இந்த அட்சரேகைகளில் சூரியன் மறைந்த பிறகு, வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனமண்டலத்தில் குமிழ்கள் கிளம்பி, செயற்கைக்கோள் சிக்னல்கள் மினுங்கத் தொடங்கும். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் வருடங்களில், மார்ச் ஒட்டியும் செப்டம்பர் ஒட்டியும், இரவு எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை உங்கள் ரிசீவர் செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாக இழந்து மீட்பதைப் பார்க்கலாம். இது தவிர, பகலுக்கும் இரவுக்கும் அயனமண்டலத்தின் தாமதமே பல நானோ விநாடி மாறும். ஒற்றை அதிர்வெண் ரிசீவர் அதை ஒரு பொது மாதிரியை வைத்துத் தோராயமாகத்தான் கழிக்கும். இரண்டு அதிர்வெண்களையும் கேட்கும் ஸெட்-எஃப்9டி போன்ற ரிசீவர் உள்ள ஜிபிஎஸ்டிஓ கிடைத்தால் நமக்குத்தான் மற்றவர்களைவிட அதிகப் பலன். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, படிகம் நன்றாக இருந்தால் அந்தச் சில மணி நேரத்தை அது தாங்கும்.

அப்புறம் கரண்ட். ஓசிஎக்ஸ்ஓவை அணைத்துப் போட்டால் பழைய அதிர்வெண்ணுக்கு அப்படியே திரும்பி வராது. சூடேறி, அமைதியாகி, பழைய ஒழுங்குக்கு வர நாள் கணக்கில் ஆகும். ஆகவே வாங்கிய நாளிலிருந்து அணைக்காமல் ஓட்டுவதுதான் முறை. சூடான பிறகு படிகத்துக்குத் தேவை இரண்டு மூன்று வாட்தான். ஒரு 12 வோல்ட் பேட்டரியும் அதை எப்போதும் நிரப்பிவைக்கும் சார்ஜரும் இருந்தால் மின்வெட்டை மறந்துவிடலாம். ருபீடியம் இதில் வேறு ரகம். எல்பிஆர்ஓ 24 வோல்ட்டில் அரை ஆம்பியர் தொடர்ந்து இழுக்கும், தொடக்கத்தில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அடித்தகடு தொட முடியாத அளவு சுடும், கனமான ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்டக்கூடாது. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அதன் ஆயுள் வேகமாகக் கரையும். நல்ல பக்கம், சில நிமிடங்களில் லாக் ஆகிவிடும், ஆகவே தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கியது சரியாக ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ்டிஓவின் 10 மெகாஹெர்ட்ஸைக் கவுண்டரின் பின்பக்க ரெஃபரன்ஸுக்கும் கொடுத்து, அதையே முன்பக்கத்திலும் அளந்தால் ஒரு கோடியும் அதன் பின்னே பூஜ்ஜியங்களுமாக அசையாமல் நிற்கும். குப்பையைக் கொடுத்தாலும் அப்படித்தான் நிற்கும், தன்னைத் தன்னோடு ஒப்பிடுகிறதே! அந்தப் படத்தைப் போட்டே விற்கிறவர்கள் உண்டு. இரண்டாவதாக ஒரு தனி ஆஸிலேட்டர் இருந்தால்தான் அளவீடு என்று பெயர். கருவி ஒன்றும் பெரிதாக வேண்டாம், இரண்டு சானல் ஸ்கோப் போதும். ஒரு சானலில் ஜிபிஎஸ்டிஓவைக் கொடுத்து அதில் ட்ரிகர் செய்யுங்கள், மற்றதில் சந்தேகப்படும் ஆஸிலேட்டரைப் போடுங்கள். முதல் அலை நிற்கும், இரண்டாவது மெல்ல ஊர்ந்து போகும். ஒரு முழு அலை 100 நானோ விநாடி. அது ஒரு முழு அலை நகர 100 விநாடி எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் வித்தியாசம் 100 கோடியில் ஒன்று. 1,000 விநாடி ஆனால் 1,000 கோடியில் ஒன்று. ருபீடியத்தைத் திருத்துவதற்கும் இதே வழிதான்: டிரிம் திருகைத் துளி திருப்பிவிட்டு, போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து அலை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இதற்கும் மேலே போக நேர இடைவெளியை அளக்கும் கவுண்டர் வேண்டும். எச்பி 53131ஏ 500 பிக்கோ விநாடி வரை பிரிக்கும், டிஏபிஆர் என்ற ஹாம் அமைப்பின் டிஐசிசி பலகை 60 பிக்கோ விநாடி. மூன்று ஆஸிலேட்டர்கள் சேர்ந்தால் ஒன்றோடொன்று ஒப்பிட்டு எது ஆடுகிறது என்று தனித்தனியாகவே கண்டுபிடித்துவிடலாம்.

எதுவுமே வாங்காமல் ஒரு சோதனை செய்ய வேண்டுமானால், சீனாவின் பிபிஎம் நிலையம் 5, 10 மெகாஹெர்ட்ஸில் நேரத்தை ஒலிபரப்புகிறது, நம்மூரில் இரவில் கேட்கும். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏடிஏ நிலையம் முன்பு இதைச் செய்தது, இப்போது இல்லை. அயனமண்டலம் ஏறி இறங்குவதால் ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் இதை நம்ப முடியாது. ரேடியோவின் டயல் சரியா என்று பார்க்க அது தாராளம்.

ருபீடியம் எப்போது சரி? வானம் தெரியாத இடத்தில் வேலை என்றால், பேட்டரியோடு மலைக்குப் போய் 10 அல்லது 24 கிகாஹெர்ட்ஸில் பேசும் ஆளென்றால், ஜிபிஎஸ் விட்டுப்போன சில நாட்களைத் தாண்ட வேண்டுமென்றால், அல்லது மேலே சொன்ன இரண்டாவது ஆஸிலேட்டராக. வாங்கினால் விளக்கின் வோல்டேஜைப் பார்க்கும் பின்னை அளந்து சொல்லச் சொல்லுங்கள். விளக்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அது காட்டும். எஃப்இ-5680ஏ என்ற ஒரே பெயரில் பின் அமைப்பும் வோல்டேஜும் மாறுபட்ட பல வகைகள் உலாவுகின்றன. பலகையைத் திறந்து பார்க்காமல் கரண்ட் கொடுக்க வேண்டாம்.

சீசியம் பற்றி ஆசை வந்தால், அதன் குழாய்க்கு ஆயுள் உண்டு, மாற்றும் விலை கேட்டால் ஆசை தானே அடங்கும். ஆனாலும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டாம் வான் பாக் 2005-ல் மூன்று எச்பி 5071ஏ சீசியம் கடிகாரங்களையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றி ரெய்னியர் மலைக்குப் போய், இரண்டு நாள் தங்கித் திரும்பினார். உயரத்தில் நேரம் வேகமாக ஓடும் என்ற ஐன்ஸ்டைனின் கணக்குப்படியே, வீட்டில் இருந்த கடிகாரங்களைவிட அவை ஏறத்தாழ 22 நானோ விநாடி முந்தியிருந்தன.

கடைசியாக, பழைய பெட்டி வாங்குவதானால் டிரிம்பிள் தண்டர்போல்ட் ஜிபிஎஸ்டிஓ இன்றும் நல்ல தேர்வு. ஆனால் போட்டவுடன் தேதி இருபது வருடம் பின்னால் காட்டும். ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். தண்டர்போல்ட்டின் மென்பொருள் அதைச் சமாளித்தது 2017 ஜூலை 30 வரைதான். 10 மெகாஹெர்ட்ஸும் விநாடித் துடிப்பும் இதனால் துளியும் கெடாது. திரையில் தேதி சரியாக வேண்டுமென்றால் லேடி ஹெதர் என்ற இலவச மென்பொருள் 1,024 வாரத்தைக் கூட்டிக் காட்டிவிடும். விற்பவர் 'தேதி தப்பாகக் காட்டுகிறது, பழுது' என்று விலையைக் குறைத்துச் சொன்னால், ஒன்றும் பேசாமல் வாங்கிவிடுங்கள்.